கோபாலஸ்வாமி ஐயங்காரும் லேக் சக்ஸஸ் வழக்கும்

சர் என். கோபாலஸ்வாமி ஐயங்கார் என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 370-வது ஷரத்து ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் அந்த ஷரத்து செல்லாக்காசு ஆனபோது டெலிவிஷனில் நாலு நாள் அவர் பெயர் அடிபட்டது. சிலர் திட்டினார்கள், சிலர் சப்பைக்கட்டு கட்டினார்கள். அவர் யார், எந்த ஜில்லாக்காரர், காஷ்மீர் விவகாரத்தில் எப்படி வந்து சேர்ந்தார் என்று எவரும் விவரமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 370 அல்ல. 1948-ன் முதல் நாலு மாதங்களில் நியூயார்க் பக்கத்தில் லேக் சக்ஸஸ் என்ற இடத்தில் அவர் பட்ட பாடு. இரண்டு அண்டை நாடுகள் சண்டை போட்டால் மற்ற நாடுகள் அதை எப்படிப் பார்க்கும் என்பதைச் சுதந்திர இந்தியா முதன்முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். அந்த அனுபவத்தை நேரில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டவர் நம் தஞ்சாவூர்க்காரர்.

1882 மார்ச் 31-ம் தேதி அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தார். சென்னை பிரஸிடென்ஸி காலேஜிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1904-ல் பச்சையப்பன் கல்லூரியில் கொஞ்ச காலம் உதவிப் பேராசிரியர். மறு வருஷமே டெபுடி கலெக்டராக சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டார். அவர் ஐ.சி.எஸ். இல்லை. லண்டனில் பரீட்சை எழுதி நேராக மேல்படியில் உட்கார்ந்தவர் அல்ல, மாகாண சர்வீஸில் ஒவ்வொரு படியாக ஏறியவர். என்னைப் போல் கீழேயிருந்து பிரமோஷனில் வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படும். கலெக்டர் ஆவதற்கே பதினைந்து வருஷம் பிடித்தது. அப்புறம் பஞ்சாயத்துகளுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பொறுப்பான பதவி, பொதுப்பணித் துறைக்குச் செயலாளர், ரெவின்யூ போர்டு மெம்பர். ஜமாபந்தி, வாய்க்கால் தகராறு, முனிசிபல் பட்ஜெட் என்று முப்பது வருஷம் ஓடிற்று. பிரசங்கம் செய்து பெயர் வாங்குகிற வேலை எதுவும் அதில் கிடையாது.

55 வயது ஆகி எல்லோரும் ஊஞ்சலைத் தேடும் சமயத்தில், 1937-ல், மகாராஜா ஹரிசிங் அவரை ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக வரவழைத்துக்கொண்டார். 1943 வரை ஆறு வருஷம் அங்கே இருந்தார். 1939-ல் சமஸ்தானத்துக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது இவர் காலத்தில்தான். 1941-ல் சர் பட்டம் கிடைத்தது. பொறுப்பாட்சி கேட்டு எழுந்த கிளர்ச்சியில் 1938 ஆகஸ்டில் ஷேக் அப்துல்லா கைதானதும் இவருடைய நிர்வாகத்தில்தான். பத்து வருஷம் கழித்து அதே ஷேக் அப்துல்லா இவர் தலைமையில் போன தூதுக்குழுவில் ஓர் அங்கத்தினராக நியூயார்க்குக்கு வந்தார். விமானத்தில் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு.

சுதந்திரம் வந்தபோது அவர் அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். அம்பேத்கர் தலைமையில் அமைந்த ஏழு பேர் வரைவுக் குழுவில் அவரும் ஒருவர். நேரு அவரை இலாகா இல்லாத மந்திரியாகச் சேர்த்துக்கொண்டார். இலாகா இல்லை என்று பெயர்தானே தவிர, காஷ்மீர்தான் அவர் இலாகா. அந்த மலைப்பாதைகளையும் அந்த ஜனங்களையும் ஆண்டு பார்த்தவர் மந்திரி சபையில் வேறு யார்?

1947 அக்டோபர் 22-ம் தேதி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பழங்குடிப் படை லாரி லாரியாக முஸாபராபாத் வழியே உள்ளே நுழைந்தது. 26-ம் தேதி மகாராஜா இந்தியாவோடு இணையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 27-ம் தேதி காலை நம் சிப்பாய்கள் ஸ்ரீநகர் விமான தளத்தில் இறங்கினார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகத் தெரியாத விஷயம், அப்போது இரண்டு ராணுவங்களுக்கும் தலைவர்கள் ஆங்கிலேயர்கள் என்பது. இந்திய ராணுவத்துக்கு லாக்ஹார்ட், 1948 பிறந்ததும் பூச்சர். பாகிஸ்தான் ராணுவத்துக்கு மெஸ்ஸர்வி, அப்புறம் கிரேஸி. இரண்டு டொமினியன்களும் நேருக்கு நேர் யுத்தத்தில் இறங்கினால் ஆங்கிலேய அதிகாரிகள் இரு பக்கமும் விலகிவிட வேண்டும் என்று லண்டன் உத்தரவு போட்டு வைத்திருந்தது. ஒரு யுத்தத்தில் வெளிநாடு என்பது எங்கோ கடலுக்கு அப்பால் இருந்து அபிப்பிராயம் சொல்லும் நாடு மட்டுமல்ல. இங்கே இரு தரப்புப் பாசறையிலும் அது உட்கார்ந்திருந்தது. இந்தியர் ஒருவர், ஜெனரல் கரியப்பா, நம் ராணுவத்துக்குத் தலைமை ஏற்றது 1949 ஜனவரி 15-ல், அதாவது போர் நின்று இரண்டு வாரம் கழித்து.

இதற்கிடையே டெல்லியில் இன்னொரு சின்ன யுத்தம். காஷ்மீருக்கு மோட்டார் வண்டிகள் அனுப்பும்படி ஐயங்கார் கிழக்குப் பஞ்சாப் சர்க்காருக்கு எழுதப்போக, சமஸ்தான இலாகாவின் மந்திரி படேல், என்னைக் கேட்காமல் எப்படி என்று கோபித்துக்கொண்டார். 1947 டிசம்பரில் நடந்தது இது. ஐயங்கார் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளத் தயாரானார், நேருவோ விடவில்லை. நேருவும் படேலும் ராஜினாமா பற்றி ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. செக்ரடேரியட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. வெளியே குண்டு விழும்போதும் உள்ளே யாருடைய ஃபைல் என்ற சண்டை நடக்கத்தான் செய்யும்.

டிசம்பர் முடிவில், மவுண்ட்பேட்டன் வற்புறுத்தலின் பேரில், இந்தியா ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் புகார் எழுதிற்று. படேலுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. ஐ.நா. சாசனத்தின் 35-வது ஷரத்தின் கீழ் 1948 ஜனவரி 1 தேதியிட்டுப் போன அந்தப் புகாரின் சாரம் எளிமையானது. படையெடுத்தவர்களுக்குப் பாகிஸ்தான் வழியும் பெட்ரோலும் ஆயுதமும் பயிற்சியும் கொடுக்கிறது, அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்பதுதான். கெட்டுப்போன வீட்டில் ஒழுங்கு திரும்பியதும் மக்கள் விருப்பத்தைக் கேட்கவும் இந்தியா தயார் என்று நாமாகவே அதில் சேர்த்தும் எழுதியிருந்தோம். சபை சில நாட்களில் பாகிஸ்தானைக் கண்டித்துவிடும் என்று டெல்லியில் நம்பினார்கள்.

ஐயங்கார் புறப்பட்டார். அப்போது அவருக்கு 65 வயது. கூடவே ஷேக் அப்துல்லா, பின்னால் முதல் அட்டர்னி ஜெனரலாக வந்த எம்.சி. செடல்வாட் ஆகியோர். ஐ.நா.வுக்கு அப்போது சொந்தக் கட்டடம் கிடையாது. லேக் சக்ஸஸில் ஸ்பெர்ரி கம்பெனி கைரோஸ்கோப் செய்த தொழிற்சாலையின் ஒரு பகுதியில்தான் சபை கூடிற்று. பிஸிக்ஸ் படித்த எனக்கு இதைப் படித்தவுடன் சிரிப்பு வந்தது. கைரோஸ்கோப்பின் சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே சுழலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை விடாது. சபையில் உட்கார்ந்திருந்த பதினோரு நாடுகளும் அப்படித்தான் நடந்துகொண்டன.

ஜனவரி 15-ம் தேதி ஐயங்கார் இந்தியாவின் தரப்பை எடுத்து வைத்தார். ரெவின்யூ போர்டு மெம்பர் ஒரு ரிப்போர்ட் வாசிப்பது போல, தேதி வாரியாக, நிதானமாக. மறுநாள் பாகிஸ்தான் தரப்பில் ஸஃப்ருல்லா கான் எழுந்தார். ஃபெடரல் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவர், வாதத்தில் புலி. 16, 17 இரண்டு நாளுமாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசினார். புகாருக்குப் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. பஞ்சாப் கலவரம், ஜுனாகட், பிரிவினைக் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டார். கேட்டவர்கள் மனதில் இது ஒரு படையெடுப்பு அல்ல, இரண்டு சகோதரர்களின் பாகப் பிரிவினைச் சண்டை என்ற எண்ணம் உட்கார்ந்துவிட்டது. பேச்சுத் திறமையில் நம்மவர் பின்தங்கிப் போனார் என்று நம் பக்கத்து ஆட்களே பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்கள். அது நியாயம்தான். ஆனால் நல்ல வக்கீல் போயிருந்தால் ஜெயித்திருப்போம் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். ஜனவரி 22-ம் தேதி, பாகிஸ்தான் கேட்டுக்கொண்டபடி, சபை ஒரு காரியம் செய்தது. அதுவரை நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயத்துக்கு ஜம்மு காஷ்மீர் பிரச்னை என்று தலைப்பு. அன்று முதல் இந்தியா-பாகிஸ்தான் பிரச்னை என்று மாற்றினார்கள். அவ்வளவுதான். ஓட்டெடுப்பும் தீர்மானமும் அப்புறம் எத்தனையோ வந்தன. என் கணக்கில் வழக்கு முடிந்தது அன்றைக்கே.

நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் எங்கள் செக்ஷனின் இரண்டு அறைகளைப் பக்கத்துச் செக்ஷன் ஒரு சனிக்கிழமை பீரோக்களைப் போட்டுப் பிடித்துக்கொண்டது. மேலிடத்துக்குப் புகார் எழுதினோம். மூன்று மாதம் கழித்து ஃபைல் திரும்பி வந்தபோது அதன் மேல், இரு செக்ஷன்களுக்கிடையே இடப் பங்கீடு என்று சப்ஜெக்ட் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததுமே ஒரு அறை போய்விட்டது என்று எங்கள் ஹெட் கிளார்க் சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. புகார் கொடுத்தவன், புகாருக்கு ஆளானவன் என்ற பேதம் தலைப்பிலேயே அழிந்துவிட்டால், பிறகு நடுநிலை என்பது பாதிப் பாதி என்றுதான் முடியும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் அச்சு என்றேனே, முதலில் பிரிட்டனைப் பார்ப்போம். காமன்வெல்த் உறவு மந்திரி ஃபிலிப் நோயல்-பேக்கர் தாமே நேரில் வந்து சபையில் உட்கார்ந்தார். ஒலிம்பிக்ஸில் ஓடி வெள்ளி மெடல் வாங்கியவர், 1959-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் பெற்றவர். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் பிரிட்டனுக்கு அப்போது பாலஸ்தீனத்தில் கை சுட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்திலும் முஸ்லிம் நாடுகளின் வெறுப்பைச் சம்பாதிக்க லண்டன் தயாராக இல்லை. சண்டை நிற்க வேண்டுமானால் முதலில் வாக்கெடுப்புக்கு நடுநிலை நிர்வாகம் அமைத்துப் படையெடுத்தவர்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற கோணத்தில் நோயல்-பேக்கர் வேலை செய்தார். முதலில் நெருப்பை அணையுங்கள், வீடு யாருக்கு என்பதை அப்புறம் பேசலாம் என்பது ஐயங்காரின் நிலை. எது முந்தி எது பிந்தி என்பதில்தான் முழு வழக்கும் நின்றது. நோயல்-பேக்கர் வரம்பு மீறிப் போவதாகப் பிரதமர் அட்லியே அவரைக் கடிந்துகொள்ள நேர்ந்தது. பிற்காலத்தில் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் ஆவணங்களைப் புரட்டி நம் வெளியுறவுத் துறை அதிகாரி சந்திரசேகர் தாஸ்குப்தா 2002-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது.

அமெரிக்காவின் வாரன் ஆஸ்டின் பெரும்பாலும் பிரிட்டன் போன வழியில் போனார். இந்தத் துணைக்கண்டம் அவர்களுக்கு அப்போது முக்கியமான இடமே அல்ல. சிரியா பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தது எதிர்பார்த்ததே. பெல்ஜியம், கனடா, கொலம்பியா, அர்ஜென்டினா ஆகியோருக்கு சமரசம் ஒன்றுதான் மந்திரம். ஜனவரி 17, 20 தேதிகளில் வந்த தீர்மானங்களில் ஒன்பது நாடுகள் ஆதரவு. சோவியத் யூனியனும் உக்ரைனும் ஓட்டுப் போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தன. நமக்காக சோவியத் வீட்டோ விழுந்தது 1957-ல்தான். 1948-ல் அவர்களுக்கு நம்மிடம் தனியாக ஒரு பிரியமும் கிடையாது. 2022 பிப்ரவரியில் அதே உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, பாதுகாப்புச் சபையில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்று நம் வீட்டில் எரிந்தபோது உக்ரைன் ஒதுங்கிற்று, அவர்கள் வீட்டில் எரிந்தபோது நாம் ஒதுங்கினோம். நமக்கு எண்ணெய், ஆயுத உதிரி பாகம், சீனா என்று எத்தனையோ கணக்கு. உக்ரைன்காரர்களுக்கு நம் மேல் வருத்தம் என்றால் அதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஜனவரி 30-ம் தேதி மகாத்மா சுடப்பட்ட செய்தி தூதுக்குழுவுக்கு அங்கேதான் கிடைத்தது. பிப்ரவரியில் ஐயங்கார் விவாதத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு டெல்லிக்குத் திரும்பினார். மார்ச்சில் மறுபடி பயணம். அந்த மாதம் சீனாவின் பிரதிநிதி சியாங் (அப்போது சீனா என்றால் சியாங் கை-ஷேக்கின் சீனா) கொண்டுவந்த வரைவு நமக்குக் கொஞ்சம் அனுகூலமாக இருந்தது. ஏப்ரலுக்குள் அதைத் தேய்த்துவிட்டார்கள். ஏப்ரல் 21-ல் நிறைவேறிய 47-வது தீர்மானம் பழங்குடிப் படையை வாபஸ் பெறப் பாகிஸ்தானிடமும், துருப்புகளைக் குறைக்க இந்தியாவிடமும், வாக்கெடுப்பு நடத்த இருவரிடமும் சொல்லிற்று. யார் ஆரம்பித்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இந்தியா அதன் பல பகுதிகளை ஏற்கவில்லை, ஆனால் ஐந்து பேர் கமிஷன் வரட்டும் என்றது.

அந்தக் கமிஷன் ஜூலையில் கராச்சியில் இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. பாகிஸ்தானின் முறையான துருப்புகள் மே மாதத்திலிருந்தே காஷ்மீரில் இருப்பதாக ஸஃப்ருல்லா கானே அவர்களிடம் சொன்னார். ஜனவரியில் ஐயங்கார் தொண்டை வறளச் சொன்னது அப்போது பாதி நிரூபணமாயிற்று. கமிஷன் ஆகஸ்ட் 13 தீர்மானத்தில், நிலைமை மாறிவிட்டது என்று இங்கிதமாகக் குறித்துக்கொண்டு மேலே நடந்தது. கண்டனம் கிடையாது. செக்கோஸ்லோவாகியா சார்பில் அதில் இருந்த ஜோசப் கோர்பெல், பிற்காலத்தில் அமெரிக்க வெளியுறவு மந்திரியான மேடலின் ஆல்பிரைட்டின் தகப்பனார்.

ஐ.நா.வால் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்லக் கூடாது. 1949 ஜனவரி 1-ல் துப்பாக்கிகள் நின்றன. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வெளிநாடுகளால் செய்ய முடிவது அதுதான்: சண்டையை நிறுத்துவது. நியாயம் சொல்வது வேறு வேலை, அதற்கு அவர்கள் வருவதில்லை. வாக்கெடுப்பு நடத்த அமெரிக்கக் கடற்படை அட்மிரல் நிமிட்ஸை நியமித்தார்கள், அவர் அந்த வேலையில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஐ.நா.வுக்குப் போனதே தப்பு என்று நம் நண்பர்கள் பலர் வாதாடுவார்கள். கோர்ட் என்று நினைத்துப் போனதுதான் தப்பு என்பது என் கட்சி. அது கோர்ட் அல்ல, பதினோரு சர்க்கார்கள் உட்கார்ந்த அறை.

ஐயங்கார் ஊர் திரும்பி வேறு வேலைகளில் முழுகிவிட்டார். 1949-ல் மத்திய சர்க்காரின் இலாகாக்களைச் சீரமைப்பது பற்றி அவர் கொடுத்த ரிப்போர்ட்டை எங்கள் ஆபீஸ் லைப்ரரியில் எடுத்துப் படித்திருக்கிறேன். அலங்காரம் ஒன்றும் இருக்காது, எந்த வாக்கியத்தையும் வெட்ட முடியாது. அந்த வருஷம் அக்டோபர் 17-ல் 370 ஆகப்போகிற ஷரத்தை அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தவர் அவரே. ரயில்வே மந்திரியாக இருந்து, சிதறிக் கிடந்த ரயில்வேக்களை 1951, 1952 வருஷங்களில் ஆறு மண்டலங்களாகச் சேர்த்தார். டெல்லியிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன நம்மில் எத்தனை பேர், நாம் ஏறி இறங்கிய சதர்ன் ரயில்வே அவர் வைத்த பெயர்ப்பலகை என்று நினைத்திருப்போம்?

1952-ல் ராணுவ மந்திரி. ராஜ்ய சபையின் முதல் அவை முன்னவரும் அவர்தான். அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், 70 வயதில், மறுபடியும் காஷ்மீருக்காகப் பெட்டி கட்டினார். இந்த முறை ஜெனீவா. ஐ.நா. சார்பில் ஃபிராங்க் கிரஹாம் நடுவில், எதிரே பழைய ஸஃப்ருல்லா கான். வாக்கெடுப்பு சமயத்தில் எந்தப் பக்கம் எத்தனை சிப்பாய் இருக்கலாம் என்பதுதான் பேச்சு. கிரஹாம் இந்தியாவுக்கு 18,000 வரை வந்தார். 21,000-க்குக் குறைந்தால் பள்ளத்தாக்கைக் காக்க முடியாது என்று ஐயங்கார் நின்றார். செப்டம்பர் 10 வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு இரு தரப்பும் கலைந்தார்கள். மூவாயிரம் சிப்பாய் வித்தியாசத்துக்காக ஒரு பேச்சு முறியுமா என்று கேட்கலாம். நாலு வருஷம் முந்தி லேக் சக்ஸஸில் உட்கார்ந்தவருக்கு, விட்டுக்கொடுத்த பிறகு ஏதாவது நேர்ந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது தெரிந்திருக்கும்.

ஐந்து மாதத்தில், 1953 பிப்ரவரி 10-ம் தேதி, சென்னையில் காலமானார்.

1965 செப்டம்பரில் மறுபடி யுத்தம் வந்தபோது நான் டெல்லியில் பள்ளிக்கூட மாணவன். கரோல்பாக் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். என் தகப்பனார் இரவில் வால்வு ரேடியோவைத் தணித்து வைத்துக்கொண்டு ஐ.நா. செய்தி கேட்பார். அப்போது நியூயார்க்கில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி யார் தெரியுமா? கோபாலஸ்வாமி ஐயங்காரின் பிள்ளை ஜி. பார்த்தசாரதி. கிரிக்கெட் ஆடி, ஹிந்து பத்திரிகையில் எழுதி, பாகிஸ்தானிலேயே ஹைகமிஷனராக இருந்துவிட்டு வந்தவர். பின்னால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அந்தத் தடவையும் அமெரிக்காவும் பிரிட்டனும் இரு தரப்புக்கும் சமமாக ஆயுதத்தை நிறுத்தின, சீனா எல்லையில் மிரட்டிற்று, சோவியத் யூனியன் தாஷ்கண்டுக்கு அழைத்தது. செப்டம்பர் 20-ல் சபை போட்ட 211-வது தீர்மானம் போரை நிறுத்தச் சொல்லிற்று. தகப்பனார் கேட்ட கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

சபை அந்த விஷயத்தை அந்தத் தலைப்பில் கடைசியாக எடுத்து விவாதித்தது 1965 நவம்பரில். ஆனாலும் அது பட்டியலிலிருந்து போகவில்லை. பாகிஸ்தான் கேட்டுக்கொள்ள, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், 1948 ஜனவரி 22-ல் மாற்றிய அதே பெயரில்.